கம்பிமேல் நின்ற ஜெபம்

வெள்ளிக்கிழமை மாலை பூசிய வெள்ளை சிமெண்டு சனிக்கிழமை காலையில் விட்டிருந்தது.

துளசிங்கம் பால்கனி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசற்படிக்கும் முதல் வரிசை டைல்ஸுக்கும் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. புதன்கிழமை முதல் தடவை கண்ணில் பட்டபோது, புது வேலையில் இதெல்லாம் சகஜம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு பூசினான். வெள்ளிக்கிழமை திறந்திருந்தது, மறுபடி பூசினான். இன்று மறுபடி திறந்திருக்கிறது. காய்ந்து சுருங்கிய விரிசல் ஒரு தடவை விடும், அடைத்தால் அடங்கிவிடும். அடைக்க அடைக்க விடுகிறது என்றால் தளம் நகர்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் கொத்தனாராகக் கரணை பிடித்தவனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி இருக்கத்தான் மூன்று நாளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

மாலை நாலரைக்கு மாடிப் பிரதிஷ்டை, புது மாடியை ஜெபம் செய்து திறந்துவைக்கும் சடங்கு. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில் இருக்கும் இந்த வீடு தனசிங்குடையது. தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், திருச்சபையில் கமிட்டி மெம்பர், சட்டைக் கஞ்சி எந்த நேரத்திலும் கலையாத மனிதர். இரண்டு வருஷமாக மொட்டைச் சுவராக நின்ற மாடியை இப்போதுதான் முடித்தார். அவர் மனைவி சாராள் டீச்சருக்கு மாடியில் ஒரு பால்கனி வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதனால் முன்பக்கம் தெருவைப் பார்த்து, தூண் இல்லாமல், அந்தரத்தில் நாலடி நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி.

தூண் இல்லாத பால்கனி என்பது சும்மா ஒட்டவைக்கிற சமாசாரம் இல்லை. இன்ஜினியர் துரைராஜ் முதல் நாளே சுவரோரம் குழி வெட்டச் சொல்லி, அஸ்திவாரம் எத்தனை ஆழம், எத்தனை அகலம் என்று டேப் பிடித்துப் பார்த்தார். ஏரிப் பக்கத்துக் களிமண், மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும் என்று முகத்தைச் சுளித்தார். தனசிங் ஐந்தடி கேட்டார். துரைராஜ் நாலடிக்கு மேல் ஓர் அங்குலம்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார். வெளியே நாலடி நீட்ட, உள்ளே ஆறடிக்கு மாடித் தரையை உடைத்துக் கம்பியை ஓட்டினார்கள். "மத்த தளத்துக்கெல்லாம் கம்பி அடியில இருந்தா போதும். இதுக்கு மேல இருக்கணும். மேல இருக்கிற கம்பிதான் இதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்குது. அது கீழ போச்சுன்னா இது வெறும் கல்லு" என்று துரைராஜ் ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னார். மேல் கம்பி கீழே இறங்கிவிடாமல் தாங்குவதற்கு, வளைத்து அடியில் வைக்கும் குட்டிக் கம்பிக்கு சேர் என்று பெயர். துளசிங்கமும், கம்பி கட்டும் சக்தியும் சேர்ந்து முழத்துக்கு ஒரு சேர் வைத்துக் கட்டினார்கள். துரைராஜ் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதுவரைக்கும் வேலை பழுது சொல்ல முடியாத வேலை.

கான்கிரீட் போட்ட அன்று காலையில்தான் வினை வந்தது. அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு வந்தது.

கலவை மெஷின் ஓட ஆரம்பித்ததும், போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம் செய்துவிடலாம் என்றார் தனசிங். துளசிங்கம் கீழே தெருவில் நின்று செய்வார்கள் என்று நினைத்தான். அவர்கள் ஏணியில் ஏறி வந்தார்கள். போதகர் அசரியா, தனசிங், டீச்சர், சபையிலிருந்து பத்துப் பேர். நேராகப் பால்கனிக் கம்பி வலைமேல் ஏறி, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கட்டப்போகும் இடத்திலேயே நின்று ஜெபிக்க வேண்டும் என்பது அவர்கள் சபையில் வழக்கம். துளசிங்கம் வாயைத் திறந்தான். அதற்குள் பதிமூன்று பேரும் கண்ணை மூடிவிட்டார்கள்.

கால் மணி நேரம் நடந்தது ஜெபம். வீட்டுக்கு, வீட்டில் உள்ளவர்களுக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு, கடைசியில் வேலை செய்கிறவர்களுக்கு என்று வரிசையாக வந்தது. "இந்த மேஸ்திரி துளசிங்கத்தின் கைகளை ஆசீர்வதியும்" என்று அசரியா சொன்ன அதே நேரத்தில், சுவரோரத்தில் ஒரு சேர் மடங்கும் சத்தம் துளசிங்கத்தின் காதில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. தனக்காகச் செய்யும் ஜெபத்தை நிறுத்தி, இறங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? ஆமென் சொன்னார்கள், ஆளுக்கொரு சட்டி கலவை போட்டார்கள், இறங்கிப் போனார்கள்.

சுவரோரத்தில் கம்பி தொய்ந்து கிடந்தது. அவனும் சக்தியும் கொக்கி போட்டு எட்டினவரைக்கும் தூக்கிவிட்டார்கள். அதற்குள் கலவை சட்டி சட்டியாக வந்து விழுந்தது. இன்ஜினியர் வரும்போது மணி பதினொன்று, எல்லாம் மூடியாகிவிட்டது. "எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். "சரியா கீது சார்" என்றான் துளசிங்கம்.

அந்த ஒரு வார்த்தைதான் இப்போது டைல்ஸ் ஓரத்தில் கோடாக நின்றது.

போதாததற்குப் போன வாரம் இன்னொன்றும் நடந்தது. கைப்பிடி ஊன்ற சுவரை ஒட்டித் துளை போட்டான். ஓர் அங்குலத்தில் உளி கம்பியில் முட்டியிருக்க வேண்டும். மூன்று அங்குலம் இறங்கியும் முட்டவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் துளையைக் கலவை போட்டு மூடினான். செவ்வாய்க்கிழமை, பந்தல் போட இடைஞ்சலாக இருக்கிறது என்று தனசிங் அவசரப்படுத்த, அடியில் நின்ற முட்டுக் கம்புகளையும் எடுத்தான். அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சபைக் கூடத்துக்கு மாடி எடுக்கும் வேலையைத் துளசிங்கத்துக்கே கொடுப்பதாக அசரியா வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வருஷ வேலை. அவன் வாயை அடைத்தது அதுதான் என்பதை அவனே தனக்குள் பலமுறை ஒத்துக்கொண்டிருந்தான், வெளியில்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் ஆவாது மச்சான்" என்றான் சக்தி, கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு. "நாம ரெண்டு பேரும் மேல நிக்கிறோமே, இன்னா ஆச்சு?"

"ரெண்டு பேரு நிக்கலாம்டா. சாயங்காலம் எத்தினி பேரு நிப்பாங்க தெரியுமா? ரூம் ரூமா ஜெபம் பண்ணிகினு வருவாங்க. கடைசீல இங்கதான். நாப்பது பேரு, கூட்டமா, பாடிகினு."

சக்தி மெதுவாக வாசற்படிக்கு உள்பக்கம் வந்து நின்றான்.

காலையிலிருந்து துளசிங்கம் துரைராஜுக்கு ஐந்து தடவை போன் போட்டான், எடுக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனி ஷெட் வேலையில் இருந்தாராம். துளசிங்கம் முதலில் விரிசலைச் சொன்னான், அப்புறம் துளையைச் சொன்னான், கடைசியில் ஜெபத்தைச் சொன்னான். அந்தப் பக்கம் துரைராஜ் கத்தினார்.

"மூணு அங்குலமா? தளமே அஞ்சு அங்குலம்தானேய்யா! யாரையும் ஏத்தாதே. ஒரு ஆளைக்கூட ஏத்தாதே. முதல்ல கீழே முட்டுக் குடு. நான் கிளம்பிட்டேன், வர ஆறு மணி ஆகும். தனசிங் சார்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேன் சார்."

"இன்னும் சொல்லலையா?"

கீழே வாசலில் சாமியானா கட்டி, பால்கனிக்கு நேர் அடியில் காபி டிரம்மும் பலகாரத் தட்டுகளும் வைத்தாகிவிட்டது. நாற்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாராள் டீச்சர் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே கூட்டிப் போய், ஒரு தட்டில் வேட்டி சட்டையும் பழமும் வைத்துக் கையில் கொடுத்தார்.

"போய் மாத்திக்கிட்டு வாங்க மேஸ்திரி. பால்கனியில பாஸ்டர் உங்களை முன்னால நிறுத்தி ஜெபம் பண்ணணும்னு சொல்லியிருக்காரு. எத்தனை வருஷ ஆசை தெரியுமா எனக்கு? தினமும் சாயங்காலம் அங்கதான் உக்காரப் போறேன்."

துளசிங்கம் தட்டை வாங்கிக்கொண்டான். இந்த அம்மாளிடம் சொல்ல முடியாது, தனசிங் சாரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சாரைப் பார்த்ததும், டீச்சரிடமே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

"சார், பால்கனியில ஜெபம் வேணாம் சார். டைல்ஸ் இன்னும் செட் ஆவல."

"போட்டு எட்டு நாள் ஆச்சே."

"அடியில ரெண்டு முட்டாவது குடுத்துக்கினா..."

"பந்தலுக்கு நடுவுல சவுக்குக் கம்பை நட்டு வெப்பியா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?" தனசிங் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்ன விஷயம் மேஸ்திரி?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாசலில் ஆட்டோ வந்து நின்றது, அசரியா இறங்கினார், தனசிங் கையைக் கூப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பயந்தவனுக்குச் சாக்குத் தானாக ஆட்டோ பிடித்து வரும்.

நாலரைக்குப் பாட்டு ஆரம்பித்தது. கீழே வாசலில் ஒரு ஜெபம். பிறகு எல்லோரும் படியேறினார்கள். மாடிக் கூடத்தில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம். சின்ன அறையில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம். துளசிங்கம் பால்கனி வாசலில், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, ஒவ்வோர் ஆமெனையும் எண்ணினான். புது வேட்டித் தட்டு எங்கே வைத்தோம் என்றுகூட நினைவில்லை. படுக்கையறையில் ஆமென் சொன்னார்கள். தாளக்கட்டை சத்தத்தோடு கூட்டம் அவனை நோக்கித் திரும்பியது.

முன்னால் அசரியா, பக்கத்தில் தனசிங், பின்னால் டீச்சர், அதற்குப் பின்னால் அறை நிறைய ஆட்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க மேஸ்திரி" என்றார் அசரியா புன்னகையோடு.

"முடியாது ஐயா."

பாட்டு பின்னாலிருந்து முன்னாலாக நின்றது.

"வெளிய யாரும் போவக் கூடாது. பால்கனி தாங்காது. வுழுந்துடும்."

டீச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டார். தனசிங்கின் முகம் சிவந்துபோனது. "என்னய்யா உளர்றே? நல்ல காரியத்துல நின்னுக்கிட்டு, என்ன வார்த்தை பேசறே?"

"கம்பி கீழ எறங்கிடுச்சு சார். மேல இருக்க வேண்டியது நடுவுக்குக் கீழ கீது. துளை போட்டப்பவே பாத்தேன். மூடிட்டேன். இன்ஜினியர்கிட்ட இன்னைக்குத்தான் சொன்னேன். யாரையும் ஏத்தாதேன்னுட்டாரு. வந்துகினு இருக்காரு." தாழ்ப்பாளை நீக்கிக் கதவைக் கொஞ்சம் திறந்து, கோட்டைக் காலால் சுட்டினான். "இதப் பாருங்க. மூணு நாளா பூசறேன். விட்டுகினே கீது."

அசரியா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது புன்னகை இல்லை. "கம்பி எப்படிய்யா இறங்கிச்சு?"

என் கவனக்குறைவு என்று துளசிங்கம் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சபைக் கூடத்து மாடிக்கும் இவர்கள் இப்படித்தான் ஏறுவார்கள், வேறு எந்த மேஸ்திரியும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பான்.

"கான்கிரீட் போட்ட அன்னைக்கு, பதிமூணு பேரு கம்பிமேல நின்னீங்க ஐயா."

அந்தப் பதிமூன்று பேரில் பாதிப் பேர் அங்கேயே இருந்தார்கள்.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்று அசரியா மெதுவாகக் கேட்டார்.

"கண்ண மூடிகினு எனக்கோசரம் ஜெபம் பண்ணிகினு இருந்தீங்க. அப்ப போயி, எறங்குங்கன்னு எப்பிடிங்க சொல்றது?"

"ஆக, ஜெபம் பண்ணினதுதான் தப்புங்கறே!" தனசிங்கின் குரல் உடைந்தது. "நீ கட்டின லட்சணத்துக்கு எங்க ஜெபத்து மேல பழியா? நகரு!"

"தப்பு என்னுது சார். சொல்லாதது என் தப்பு. உங்க ஜெபத்த நான் ஒண்ணும்..."

"நகருய்யா!"

தோளைப் பிடித்துத் தள்ளினார். எழுபதை எட்டப்போகிற மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, துளசிங்கம் சுவரில் போய் மோதினான். தனசிங் கதவை அகலத் திறந்து, அந்தக் கோட்டைத் தாண்டி, நேராகக் கைப்பிடி வரைக்கும் நடந்துபோய், தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"பாருங்க. நிக்கிறேன். முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணிக் கட்டின வீடு. விழுமா இது?"

"தனசிங், உள்ளே வாங்க" என்றார் அசரியா. "என்னங்க, வேண்டாங்க, வந்துடுங்க" என்று டீச்சர் அழ ஆரம்பித்தார். அவர்கள் கூப்பிடக் கூப்பிட அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் வந்து நின்றாகிவிட்டது; இனி திரும்பி வரக் காலுக்குத் தெரியவில்லை.

துளசிங்கம் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வர மாட்டார் என்று தெரியும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.

"எழுந்திருங்க! எல்லாரும் தெருவுக்குப் போங்க! அம்மா, நாற்காலிய வுடுங்க, ஓடுங்க! சக்தி, அந்த டிரம்ம இழுடா!"

பெண்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். காபி கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. பக்கத்துச் சந்தில் தார்ப்பாயின் அடியில் முட்டுக் கம்புகள் அடுக்கியபடி கிடந்தன. இழுத்து வந்தார்கள். சாமியானாத் துணியைத் துளசிங்கம் அரிவாளால் கிழித்தான். கிழிந்த இடத்தில் பால்கனியின் அடிப்பக்கம் தெரிந்தது.

"நீ வராத" என்றான் சக்தியிடம். "அங்கயே இருந்து கம்ப நீட்டு."

"மச்சான்..."

"ஒரு ஆளு போதும்டா."

கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடியில் போனான். தலைப்பலகை அடித்த அந்தக் கம்பைப் பால்கனியின் வெளி நுனிக்கு அடியில் தூக்கி நிறுத்தினான். காபி ஈரத்தில் கம்பின் கால் வழுக்கியது. பாதத்தால் அணை கொடுத்து, ஆப்பைச் செருகி, சுத்தியால் அடித்தான். மேலே ஒரு காலடி நகர்ந்தது. பிடரியில் பொடிப்பொடியாக மணல் உதிர்ந்தது. அவனுக்குச் சிறுநீர் முட்டியது. மனைவி அங்காளம்மாள் முகம் கண்முன் வந்தது. காலையில் அவள் கட்டிக்கொடுத்த சோற்றை இன்னும் பிரிக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. மறுபடி அடித்தான். கம்பு இன்னும் இறுகவில்லை.

அடிக்கும் சத்தம் கேட்டு, மேலே தனசிங் கைப்பிடி வழியாக எட்டிப் பார்த்தார். தெருவில் நின்றவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவர் காலுக்குக் கீழே எதையோ பார்த்தார்கள்.

"யாரு கீழே?"

"நாந்தான் சார்."

"துளசிங்கமா? அங்கே என்னய்யா பண்றே?"

"முட்டுக் குடுக்கறேன் சார். ஆடாம நில்லுங்க."

"வெளியே வா."

"நீங்க உள்ள போங்க சார், வந்துடறேன்."

"விழும்னு நீதானேய்யா சொன்னே?"

"ஆமா சார்."

சுத்தி மட்டும் அடித்தது. டக், டக். தெருவில் நின்ற சக்தி கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிறகு தலைக்கு மேலே ஒரு காலடி கேட்டது. தரையைத் தடவித் தடவி வைக்கும் காலடி. இன்னொன்று. மூன்றாவது. வாசற்படியைத் தாண்டும் சத்தமும், டீச்சர் ஓவென்று அழும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

துளசிங்கம் ஆப்பை இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தான். சுத்தியைக் கீழே வைக்க முயன்றான், விரல் பிரியவில்லை.

தனசிங் படியிறங்கி வந்தார். கஞ்சி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால் அசரியாவும் மற்றவர்களும் படியிலேயே நின்றுவிட்டார்கள். அவர் துளசிங்கத்துக்கு எதிரே வந்து நின்று, சண்டை போடுகிற மாதிரி கேட்டார்.

"விழும்னு தெரிஞ்சும் ஏன்யா அடியில போனே?"

துளசிங்கத்துக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"மேல நீங்க இருந்தீங்களே சார்."

தனசிங் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். அடியில் ஒற்றைக் கம்பு நின்றது, இன்னும் மூன்று நிறுத்த வேண்டும். சந்தோரம் கிடந்த அடுத்த கம்பின் ஒரு முனையைத் துளசிங்கம் குனிந்து எடுத்தான். தனசிங் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அதன் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.